மூன்றாம் பாகத்தின் கட்சி

இரவு ஒன்றரை. அசாஹிகாவாவின் வடக்குச் சாலை.
ஓனோதெரா வண்டியோட்டுகிறான், அலகின் நெம்புகோல் என் கையில்.
பனிவாரி வண்டிக்குள் இரண்டு பேர், ஒரு தேநீர்க் குடுவை,
பதினோரு குளிர்காலமாய்த் தீராத ஒரு வழக்கு:
‘துருவாள்’ வரிசையில் எது சிறந்தது?

இரண்டாம் பாகம் என்பான் அவன்.
ஊரே அப்படித்தான் சொல்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல்.
இரட்டை வாள், குதிரை, கோபுர உச்சியில் இடி.
மறுக்கவில்லை.
அந்தக் குதிரை செத்தபோது நானும் அழுதேன்.
அடுத்த ஊர் லாயத்தில் அதே குதிரை
மூன்று நாணயத்துக்கு நின்றது.

தவறே இல்லாததும் ஒரு தவறு, ஓனோதெரா.
விழுந்தால் தூக்கிவிடும், தாகமென்றால் சுனை காட்டும்,
புது மாப்பிள்ளைக்குப் பரிமாறுகிற மாதிரி
கேட்குமுன் தட்டில் வந்து விழும் எல்லாம்.

என் கட்சி மூன்று.
அவசரத்தில் சுட்டெடுத்த பாகம்.
குதிக்கும் பொத்தானே கிடையாது.
வீரனுக்கு ஐம்பது வயது, இடது முழங்கால் பழுது.
ஓடினால் மூச்சு வாங்கும், அந்த மூச்சு
ஆவியாய்த் திரையில் படிந்து எதிரியை மறைக்கும்.
பொறுக்க வேண்டும். அவன் வாளை ஓங்கும்வரை பொறுத்து
ஓங்கிய கை இறங்கும் இமைப்பில்
ஒரே ஓர் அடி விலக வேண்டும்.
அவ்வளவுதான் ஆட்டம். விலகுவது.

பாலத்துக் காவல்காரனிடம் நூற்று நாற்பது முறை செத்தேன்.
நூற்று நாற்பத்தொன்றில்
என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் விலகியது.
அந்தக் குளிர்காலத்தில்தான் விவாகரத்துத் தாள் வந்தது.
இரண்டுக்கும் தொடர்பில்லை. சும்மா சொல்கிறேன்.

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு” என்கிறான்.
உன் குதிரை மட்டும் என்னவாம்?

நான்கைப் பற்றிப் பேசுவதில்லை, அது உடன்படிக்கை.
காளான் பறிக்கவா வாள் வாங்கினோம்?

ஐந்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியே அசைகிறது.
ஒரு பொத்தானை அமுக்கினால்
அவனே சண்டை போட்டு, அவனே வென்று,
நமக்கு நன்றி வேறு சொல்கிறான்.

முதல் பாகம் பஞ்சாயத்துக்கு வெளியே.
அன்றைய இயந்திரத்துக்குத் தூரத்தை வரையத் தெரியாது,
மறைக்க மூடுபனி போட்டார்கள். நாங்கள் நடுங்கினோம்.
புது மெருகில் அந்தப் பனியை எடுத்துவிட்டார்கள்.
பின்னால் இருந்தது
ஒரு வெற்று வயலும் நாலு கம்பமும்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது.
முன்விளக்கு இரண்டும் வெள்ளையில் முட்டி நின்றன.
சாலையோரத்தில் தலைக்குமேல் தொங்கும் அம்புக்குறிகள் மட்டும்
ஒன்று,
பிறகு வெகுநேரம் கழித்து
இன்னொன்று.
“முதல் பாகம்” என்றான் ஓனோதெரா, மெதுவாக.
“ம்” என்றேன். அலகைத் தூக்கிப் பிடித்தேன்.

அடுத்த அம்பின் கீழே ஒரு சிறு கார், கழுத்துவரை புதைந்து.
உள்ளே ஒரு மாணவன், உதடு நீலம்.
தோண்டி எடுத்து நடுவில் உட்கார்த்தி
இருந்த தேநீரை எல்லாம் கொடுத்தோம்.
கை சூடானதும் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினான்,
அதில் தொங்கினான் எங்கள் வீரன், முடி அசைய.
“நீங்களும் துருவாளா! ஐந்துதானே சிறந்தது?”

துடைப்பான் நாலு முறை போய்வந்தது.
ஓனோதெரா என்னைப் பார்த்தான்.
பதினோரு ஆண்டில் முதன்முறையாக ஒரே தீர்ப்பு.
“இறக்கிவிடலாமா?” என்றான்.
“காற்று நிற்கட்டும்” என்றேன்.

பெட்ரோல் நிலையத்தில் அவனை விட்டுத் திரும்பினால்
வாரிய சாலை மறுபடி வெள்ளை.
மார்ச்சில் ஆறாம் பாகம்.
இருவரும் முன்பணம் கட்டியாயிற்று,
குறைகளும் பாதி தயார்.
குதிக்கும் பொத்தான் இருக்கிறதாம்.
இருக்கட்டும். நான் தொடப்போவதில்லை.