வறமிளகாய் பில்லின் பின்பக்கம்

லீ பஜாரில் நான் பேரேட்டை மூடும்போது
வஹாக்காவில் காலை ஏழரை.
பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது அந்த ஊர்.
அங்கே யாரோ இப்போதுதான்
கடை ஷட்டரைத் தூக்குகிறார்கள்,
அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

பில்லைத் திருப்பி எழுதுகிறேன்:
பாஸ்போர்ட் இருக்கிறது.
விசாவுக்கு டெல்லி போக வேண்டும்.
சொசைட்டி கடன், இன்னும் நான்கு தவணை.
மழை
என்று எழுதி எதிரே ஒரு கேள்விக்குறி.
மூன்று வாரமாய் அது அப்படியே நிற்கிறது.

இருபத்தாறு வருடம் மிளகாய்க்குக் கணக்கு எழுதியவள் நான்.
மூட்டை, தரம், ஈரம், கழிவு, தும்மல்.
எங்கிருந்து கப்பலேறி வந்தாய் என்று
ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.
சொன்னவள் எஸ்தர்.
ஏற்காட்டில் காப்பிக்கொட்டை பிரிக்கும் கொட்டகையில் மேஸ்திரி,
மாதம் ஒருமுறை இருபது கொண்டை ஊசியும் இறங்கி
மிளகு விலை கேட்க வருவாள்.
"உன் சரக்குக்குப் பொறந்த வீடு மெக்சிகோ, தெரியுமா?"
வாந்தி மாத்திரை யார் வாங்குவது என்பது வரைக்கும்
அன்றைக்கே பேசிவிட்டோம்.

ஜூலைக் கடைசியில் இரண்டு திங்கள்கிழமை.
மலையின் திங்கள் என்றே பெயராம்.
எட்டுப் பகுதி ஜனங்களும் இறங்கி வந்து ஆடுவார்களாம்,
ஆடி முடித்ததும்
கூட்டத்தைப் பார்த்துப் பழங்களை வீசுவார்களாம்.
"அன்னாசி தலையில விழுந்தா இன்சூரன்ஸ் உண்டா?"
எஸ்தர் சிரிக்காமல் கேட்டாள்.
அதையும் எழுதிக்கொண்டேன்.
உயரம் ஏற்காடு அளவுதான்,
கூடினால் இரண்டு தென்னை.
ஸ்வெட்டர் வேண்டாம் என்கிறாள்.
அவளுக்கு என்ன, பனியிலேயே பிறந்தவள்.

முதலாளி அங்கமுத்துவுக்கு லீவு கடிதம் கொடுத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கோட்டை மாரியம்மனுக்குக் கம்பம் நட்டா
ஊரை விட்டு யாராச்சும் கிளம்புவாங்களா?
அதுவும் ஆடியில?"
ஆடிக்குப் பிறந்த வீடு போவது வழக்கம்தானுங்களே,
மிளகாயைக் கூட்டிக்கொண்டு போகிறேன், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கையெழுத்து மட்டும் போட்டார்.

தங்கப்போகும் வீட்டுக்காரி ஒஃபேலியாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
என் தமிழ் ஸ்பானிஷ் ஆகி
அவள் ஸ்பானிஷ் தமிழாகித் திரும்புவதற்குள்
இரண்டு மின்வெட்டு.
"மழை மாலையில் வருகிறது, அம்மணி.
காலையில் மலை கழுவிய தட்டு."
விடவில்லை நான்:
மழை பிடித்தால் ஆட்டத்தை நிறுத்துவார்களா?
பதிலுக்குப் பதில் கேள்வி வந்தது:
"உங்கள் ஊரில் நிறுத்துவார்களா?"

போன ஆடி, குகையில் வண்டி வேடிக்கை.
மீனாட்சி கல்யாணம் ஜோடித்த வண்டி
எங்கள் முனைக்கு வந்து திரும்பும்போது பிடித்துக்கொண்டது.
ஜெனரேட்டர் இருமி இருமி அணைந்தது.
சொக்கநாதருடைய நீலம்
கழுத்திலிருந்து வேட்டிக்கு இறங்கியது.
பெருமாள் தாரை வார்க்கச் சாய்த்த கெண்டியில்
வானம் ஊற்றிக்கொண்டே இருந்தது,
அவரும் வார்த்துக்கொண்டே இருந்தார்.
யாரோ ஓடிப்போய்
மண்டித் தார்ப்பாயை உருவி வந்தார்கள்.
நான்கு பேர் மூலைக்கொன்றாய்த் தூக்கிப் பிடித்தோம்.
என் மூலையில் மிளகாய் நெடி,
சாமிகளுக்கெல்லாம் தும்மல்.
கூட்டம் ஓரடி நகரவில்லை.
ஒரு பையன் மட்டும் சக்கரத்தில் ஏறி
மீனாட்சியின் காதருகே சொன்னான்:
"அண்ணா, செல்லைக் கொடு,
நான் பத்திரமா வச்சுக்கறேன்."

நிறுத்த மாட்டார்கள், என்று ஒஃபேலியாவுக்கு எழுதினேன்.
கேள்விக்குறியை அடித்துவிட்டு
அந்த இடத்தில் எழுதினேன்:
தார்ப்பாய், ஒன்று, நடுத்தரம்.

எஸ்தர் போனில் கத்துகிறாள்,
இருபத்துமூணு கிலோவுல தார்ப்பாய் எதுக்குடி.
மேலே அவள் பக்கம் மழை தொடங்கிவிட்டது,
தகரத்தில் விழுவது கேட்கிறது.
இங்கே இன்னும் கால் மணி நேரம் ஆகும்.
அதற்குள்
செருப்பா ஷூவா என்று
முடிவு செய்துவிட வேண்டும்.