திரும்பி வரும் டிரிப்

புதன்கிழமை தடுப்பூசி.
மறுநாள் அதே அறையில்
ஐஸ் பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு
நீல நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள்.
ஒன்றுக்குக் கால் குட்டை, அடியில் செங்கல்.
முந்தி வருகிறவள் அதில் உட்காரமாட்டாள்.
நான் எப்போதும் பிந்தித்தான் வந்தேன்.

முதல் வாரம் நர்ஸ் ஜெசிந்தா ஒரு தாள் கொடுத்தாள்.
பத்துக் கேள்வி.
போன ஏழு நாளில் காரணமில்லாமல் அழுதீர்களா?
இல்லை என்று குறித்தேன்.
காரணம் இருந்ததே.
பால் கட்டி மார்பு கல்லாய்க் கிடந்தது.
ஓசூரில் ஷிஃப்ட் முடிந்தும் அவர் போனை எடுக்கவில்லை.
களி கிண்டும்போது துடுப்பு கைநழுவி விழுந்தது.
இதெல்லாம் காரணமா என்று
தாளில் கேட்டிருக்கவில்லை.

வயிற்றோடு வந்தவர்கள் மூன்று பேர்.
பரீட்சை எழுதிவிட்டு வருகிறவர்களிடம்
கேள்வித்தாள் எப்படி என்று கேட்கும் முகத்தோடு
கைக்குழந்தைக்காரிகளான எங்களைப் பார்த்தார்கள்.
ஈஸிதான் என்றோம்.

மூன்றாவது வியாழன் நாகவேணி பேசினாள்.
அதுவரை பெயரைத் தவிர எதுவும் சொல்லாதவள்.
"பாப்பாவ பஸ் சீட்டுல படுக்க வெச்சிட்டு
நடுவுல எறங்கிடலாம்னு இருக்கு.
தெனமும் இருக்கு."

மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.
ஜெசிந்தா எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள்.
அடுத்து யார் வாய் திறந்தாலும்
புத்திமதிதான் வரும் என்று
நான் தரையைப் பார்த்தேன்.

அம்சா, எட்டு மாத வயிறு, கேட்டாள்:
"எந்த பஸ்ஸு?"
"ஒகேனக்கல் பஸ்ஸு."
"அய்யே, அதுக்கு அது கடேசி ஸ்டாப்பு.
ஆத்துக்கு மேல எங்க போவும்?
அரை மணி நின்னுட்டு அதே ரோட்டுல திரும்பி வரும்.
கண்டக்டரு எங்க சித்தப்பா.
திரும்புற டிரிப்புல உன் மடியிலயே போட்டுட்டு
லக்கேஜ் காசும் கேப்பாரு."

முதலில் சிரித்தது நாகவேணிதான்.
மூக்கு ஒழுகச் சிரித்தாள்,
எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியவில்லை.
சிரித்ததில் எனக்குப் பால் இறங்கி
முந்தானை நனைந்துவிட்டது.
அந்த ஈரத்தோடு நானும் சொன்னேன்:
பொறந்ததும் மார்ல போட்டாங்க.
எனக்குக் கொடியில காயப்போட்ட துணி ஞாபகந்தான் வந்துச்சி.
மழை வர மாதிரி இருந்திச்சி.

யாரும் சிரிக்கவில்லை.
"எனக்கு கேஸ் அடுப்பு" என்றாள் பக்கத்தில் ஒருத்தி.
"நிறுத்தனனா இல்லியான்னு."

வெளியே புளியமரத்தடியில் பைக்குகளும் புருஷர்களும்.
போனுக்கு சார்ஜ் போடவேண்டும் என்று
நாகவேணியின் தீர்த்தகிரி உள்ளே வந்தான்.
ஜன்னலோரம் நின்று கேட்டிருந்தானோ என்னவோ.
பிளக்கைத் தேடவே இல்லை.
ஜெசிந்தா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.
"லாரியிலயே தூங்கிக்கறேன், ஒரு மாசமா.
கிரானைட் ஏத்தற கை.
பாப்பாவத் தூக்கனா நடுங்குது.
கீழ போட்டுடுவனோன்னு."
நாகவேணி அவனை
நேற்று பெண்பார்க்க வந்தவனைப்போலப் பார்த்தாள்.

அன்று ஜெசிந்தா அவர்கள் இருவரையும்
பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்
வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.
தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு,
ராத்திரியும் எடுக்கிற ஒரு போன் நம்பர்.
பாப்பாவை அம்சா தன் வயிற்றின்மேல் சாய்த்துக்கொண்டாள்.
உள்ளே இருந்தது உதைத்ததாம்,
வெளியே இருந்தது முழித்ததாம்.

அடுத்த இரண்டு வியாழன் அவள் வரவில்லை.
ஹாரன் கேட்கும்போதெல்லாம்
யாராவது ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

அதற்கடுத்த வியாழன் பஸ் நின்றது.
முதலில் ஒரு துணிப்பை இறங்கியது.
அப்புறம் நாகவேணி, தோளில் பாப்பா,
டிக்கெட்டைப் பல்லில் கடித்தபடி.
மாத்திரை போட்டா தூக்கந்தூக்கமா வருது என்று
திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

அன்று நான்தான் முதலில் வந்திருந்தேன்.
செங்கல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.