நாளைக்கு நீ இல்லை

அவனுடைய குடும்பப் பெயர் அம்மான்.
சுவிஸில் அது தபால்பெட்டியிலும்
பல்வைத்தியரின் பலகையிலும் கிடக்கும் பெயராம்.
திருகோணமலையில் முதல் நாளே சொன்னேன்:
ரேட்டோ என்றே இரு.
ஏன் என்று கேட்டான்.
கோல் கம்பத்தடியில் படுத்திருந்த மான்களைக் காட்டிப்
பேச்சை மாற்றினேன்.

மனைவி உப்புவெளிக்காரி.
காணி வழக்குக்கு வந்தார்கள், வழக்கு இழுத்தது.
அவனுக்குப் பொழுது போகவில்லை,
எங்களுக்குப் பயிற்றுநர் இல்லை.

நான் கழகத்தின் செயலாளர்.
பகலில் ஐஸ் தொழிற்சாலைக் கணக்கு,
பின்னேரம் ஸ்கோர் புத்தகம்.
எண்கள்தான் எனக்குப் பிடிபடும்,
எண்களில் அவனை எழுதி வைத்தேன்:
பதினொரு பருவம். மூன்று கழகம்.
எண்பத்து நான்கு கோல், தலையால் மட்டும் ஐம்பது.
எங்கள் கதவு நிலைகளில் மூன்றுக்கு
அந்த நெற்றியைத் தெரியும்.
வலது முழங்காலில் இரண்டு வெட்டு.
தேசிய அணியிலிருந்து ஒரே ஒரு அழைப்பு,
அன்று காய்ச்சல்.

கோட்டுக்கு வெளியே நிற்கப் பழகாத உடம்பு.
கோர்னர் உயரும்போதெல்லாம்
குதி மண்ணை விட்டெழும், கழுத்து வெட்டும்,
பந்தே இல்லாத இடத்தில்
ஒரு கோல் போட்டுவிட்டு வெட்கப்படுவான்.

டச்பேயில் ஒருநாள்
கச்சான் காற்றில் கச்சான் கொறித்தபடி சொன்னான்:
முப்பத்து மூன்று வயதில்
உடுப்பு மாற்றும் அறைக் கதவில் ஒரு தாள்.
பதினெட்டுப் பெயர்.
மேலிருந்து கீழாக வாசித்தானாம்,
பிறகு கீழிருந்து மேலாக.
நான் பயிற்றுநரானால் முகத்துக்கு நேரே சொல்வேன்
என்று அந்தக் கதவுக்குச் சத்தியம் பண்ணினானாம்.

கிண்ணியாவோடு அரையிறுதி.
முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு
என்னை ஓட்டோவில் ஏற்றினான்.
நிதுர்ஷன் வீடு எங்கே?
நிதுர்ஷன் எங்கள் பன்னிரண்டு கோல்.
கணுக்கால் வீக்கத்தை எல்லாருக்கும் மறைத்தவன்,
இவனுக்கு மறைக்க முடியவில்லை.

லிங்கநகர் ஒழுங்கை. கரண்ட் இல்லை.
ஓட்டோ வெளிச்சம் தகரப் படலையில்.
அவனே தட்டினான்.
உள்ளிருந்து ஒரு பெண்குரல்: ஆர்?
"அம்மான்."
முதல் நாள் நான் சொன்னதை
அன்றுதான் மறந்தான்.

படலை பாதி திறந்தது.
மெழுகுதிரியோடு தவமலர் அக்கா,
பின்னால் சாரத்துடன், நொண்டிக்கொண்டு நிதுர்ஷன்.
பாடமாக்கி வந்த தமிழை
மெதுவாக, மரியாதையாக,
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்:
நாளைக்கு. நீ. இல்லை.

அக்கா மெழுகுதிரியை ஊதினா.
மகனை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் போட்டா.
இரண்டும் ஒரே அசைவு.
பழகிய கை.

"மேட்ச், அக்கா! மேட்சிலதான் இல்லை!"
நான் கத்தியதில் ஒழுங்கை நாயெல்லாம் எழும்பியது.
இருட்டுக்குள் நின்று
கணுக்காலைச் சொன்னேன், வீக்கத்தைச் சொன்னேன்,
சுவிஸில் ஒரு கதவையும் சொன்னேன்.
அக்கா சிரிக்கவில்லை.
கனநேரம் கழித்து,
"அப்ப இவன் நாளைக்குச் சும்மா இருப்பானோ?"
பெஞ்சில இருப்பான்.
"முழு நேரமும்?"
முழு நேரமும்.

திரும்பும்போது கேட்டான்,
இலக்கணப் பிழையா?
இலக்கணம் சரி என்றேன்.
மிச்சத்தைச் சொல்ல
மடத்தடிச் சந்தி வரை நேரமிருந்தது.
சொல்லவில்லை.

இரண்டுக்கு ஒன்று, தோற்றோம்.
எழுபத்தாறாம் நிமிடக் கோர்னருக்கு
ரேட்டோவின் குதி எழும்பியது,
பெஞ்சிலிருந்து ஒரு நல்ல காலும் எழும்பியது.
முதல் தடவையாக கிரவுண்டுக்கு வந்த தவமலர் அக்கா
பந்து போன திசையை ஒருக்காலும் பார்க்கவில்லை.
தொண்ணூறு நிமிடமும் பெஞ்சைத்தான் பார்த்தா.

புத்தகத்தில் அதற்குக் கட்டமில்லை.
மாற்று வீரர் வரிசையில் அவன் பெயருக்கு நேரே
'விளையாடவில்லை' என்று எழுதுவது வழக்கம்.
'இருந்தான்' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை காணி வழக்குக்குப் புதுத் தவணை விழுந்தது.
அடுத்த பருவத்துக்கும்
ரேட்டோ இங்கேதான் போலிருக்கிறது.