வெட்டக்கூடாதது

இரண்டு மணி நேரத்தைக் கடன் வாங்கியிருந்தோம்
உன் சித்தப்பா மகள் சலோமேயிடம்.
நர்ஸிங் தேர்வுக்குப் படித்தபடியே
பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.
அவள் பாடப்புத்தகத்தில்
ஒரு நுரையீரலுக்கு அதற்குள்
பச்சை தீட்டியிருந்தாள் பார்பரே.
கதவுக்குப் பின்னாலிருந்து
தோர்னிக்கே போட்ட கத்தல்
மூன்று மாடியும் எங்களோடு படியிறங்கி வந்தது.
கீழ்வாசலில் நின்று கேட்டோம்.
ஓய்ந்துவிட்டிருந்தது.
அதுவும் கொஞ்சம் சுருக்கென்றது.

குத்தாயிசியில் பிப்ரவரி மழை.
வெள்ளைப் பாலத்தின் அடியில்
சேறு கரைத்துக்கொண்டு இரைந்தது ரியோனி.
தள்ளுவண்டி இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கோட்டுப் பைக்குள் விட்டேன்.
பாதி கடித்த பிஸ்கட்,
ஒற்றைக் காலுறை.

"எத்தனை பேர்?" என்றான் பரிமாறுகிறவன்.
"இரண்டு" என்றாய், கோச்சா,
பட்டம் வாங்கி வந்தவன் மாதிரி.

பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லையென்று
பாலத்திலேயே ஒப்பந்தம்.
எனவே கேஸ் கட்டணம் பற்றிப் பேசினோம்.
உன் முதலாளி வாங்கிய கார்.
அதன் நிறம்.
பிறகு அந்த நிறத்துக்கு என்ன பெயர் என்பது.
அதுவும் தீர்ந்து
மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒரு கறைகூட இல்லை.
பயமாக இருந்தது.

எதற்கோ சிரித்தாய்.
இடப்பக்கம், மேல்வரிசையில்
ஒரு சின்ன இருட்டு.
"எப்போது பிடுங்கினாய்?"
"மூன்று வாரமாகிறது."
"சொல்லவேயில்லை."
"சொன்னேன். நீ தெர்மாமீட்டரைப்
பார்த்துக்கொண்டிருந்தாய்."
குற்றமாய்ச் சொல்லவில்லை.
மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாய்.

அப்போதுதான் கிங்காலி வந்தது,
ஆவி பறக்க, கொண்டை முடிந்த பன்னிரண்டு.
கொண்டையைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி
ஓரத்தில் கடித்து
சாற்றை உறிஞ்சி
மற்றதைத் தின்று
கொண்டையைத் தட்டில் விட்டுவிட வேண்டும்.
நடக்கத் தெரியும் முன்பே
இந்த ஊரில் இது தெரிந்துவிடும்.
கத்தி பட்டால் மானம் போயிற்று.

நான் செய்தது இது:
உன் தட்டை என் பக்கம் இழுத்தேன்.
ஊதினேன்.
முள்கரண்டியின் விளிம்பால்
நான்காக வெட்டினேன்.

சாறெல்லாம் வழிந்து
தட்டைத் தாண்டி
அந்த வெள்ளை விரிப்பில் இறங்கியது.
பக்கத்து மேசைக்காரர்
உதட்டுக்குக் கொண்டுபோன கோப்பையைத்
திரும்பக் கீழே வைத்தார்.
எனக்குக் காதுவரை சுட்டது.

நீ ஒன்றும் சொல்லவில்லை.
கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு
வாயைத் திறந்தாய்.

ஊட்டினேன்.
வலப்பக்கமாக,
பல் இருக்கிற பக்கமாக.

உப்புக்கும் மிளகுக்கும் நடுவே
போன் ஒளிர்ந்தது.
"இரண்டு பேரும் தூங்கியாச்சு."
மறுபடி படித்தாய்.
"நம்மைக் கேட்கவேயில்லையா?"
அவ்வளவுதான், ஒப்பந்தம் உடைந்தது.
மிச்ச ஒயின் முழுக்க
தோர்னிக்கே நிலாவைப் பார்த்து
"பல்பு" என்றதையும்
பார்பரே பூனையை மன்னிப்புக் கேட்க வைத்ததையும்
அங்கே இல்லாதவர்களுக்குச் சொல்வதுபோல
ஒருவருக்கொருவர் சொன்னோம்.

கொண்டைகளை எண்ணினாய்.
உனக்கு ஆறு, எனக்கு ஐந்து.
வெட்டுப்பட்டதன் கொண்டை
தனியே கிடந்தது.
யார் கணக்கிலும் அதைச் சேர்க்கவில்லை.

சீக்கிரமே திரும்பிவிட்டோம்.
ஆனால் முதல் மாடித் திருப்பத்தில்
நீ உட்கார்ந்தாய்,
நானும் ஈரக்கோட்டோடு உட்கார்ந்தேன்.
நாம் அசையவில்லை என்பதால்
படிக்கட்டு விளக்கு அணைந்துபோனது.
உன் தோளில் வெங்காய வாசனை,
மழை வாசனை,
நெடுநாளாய்ப் பக்கத்தில் போகாத ஒரு வாசனை.

மேலே யாரோ இருமினார்கள்.
இருவரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தோம்.
நம்முடையது இல்லை.
இரண்டாம் மாடி.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.