துவைத்த துண்டுகள்

வியாழன் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை
எங்கள் கட்டடத்தின் சலவை அறை என் பெயரில்.
சுவர்ப்பலகையில் பதினான்காம் எண் பூட்டைச் செருகிவிட்டால்
யேவ்லெ நகரத்தில் என்னை யாரும் எழுப்ப முடியாது.
ஆனால் இயந்திரம் ஓடியாக வேண்டும்.
சும்மா உட்காருகிறவளுக்கு அறை கிடையாது, விதி அப்படி.
அதனால் போன வாரம் துவைத்த அதே ஆறு துண்டுகளை
மறுபடி போடுகிறேன்.
அழுக்கே படாமல் அலசி அலசி
அவற்றின் வழியே இப்போது விளக்கு தெரிகிறது.

சோப்புத்தூள் வாசத்தில் கிளாரினெட்டைப் பூட்டுகிறேன்.
நாணல் பட்டையை நாக்கில் ஊறவைக்கிறேன்.
மூன்றாம் மாடியில் வாசித்தால் சுவரைத் தட்டுவார்கள்.
இங்கே தட்டுவது நான் மட்டும்தான்,
உள்ளேயிருந்து.

நான்கே கட்டங்கள். முப்பத்தேழு முதல் நாற்பது வரை.
மூன்றாவதில் ஓர் இடம்:
விரல்களெல்லாம் காற்றில் நிற்கிற ஒரு சுரம்,
அடுத்தது
அத்தனை விரலும் ஒன்றாக இறங்கி
அத்தனை துளையையும் மூட வேண்டிய சுரம்.
நடுவே மயிரிழை.
சரியாக அங்கேதான் மனம் கழன்றுகொள்கிறது.
சைக்கிளைப் பூட்டினேனா.
ஊறப்போட்ட மீனுக்கு வெங்காயம் போதுமா.
ஸ்டூரே ஏன் 'சரி' என்று மட்டும் பதில் போட்டார்,
அதுவும் முற்றுப்புள்ளி வைத்து.

போன இடங்களையெல்லாம்
தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன்.
மீன். பல் மருத்துவர். ஸ்டூரே. வாடகை.
ஸ்டூரே.
ஊர்வலம் பாட்டைவிட நீளம்.

கைபேசியைப் பைக்குள் வைத்தேன்; பை துடித்தது.
பெஞ்சுக்கு அடியில் வைத்தேன்; கால் போய்த் தேடியது.
இந்த வாரம் உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டு
கதவைச் சாத்தினேன்.
எடுக்க வேண்டுமானால் எழ வேண்டும்,
எழுந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

பாதி வேகம்.
அதிலும் பாதி.
பிறகு இரண்டு சுரம் மட்டும்,
இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே.
வலது சுண்டுவிரல் எப்போதும் கடைசியாக வருகிறது,
கூட்டத்துக்குத் தாமதமாக வந்து
எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைக்கும் ஆள் போல.
அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதன் நகம். அதன் அடியில் குளிர்ந்த சாவி.
மூச்சு.

இனிமேல் நடந்தது தௌனோ சொல்லித்தான் தெரியும்.
கீழ்த்தளத்து ஃபின்லாந்துக்காரர்,
காகித ஆலையில் இரவுப்பணி,
ஈரமான இரண்டு மேலங்கிகளோடு உள்ளே வந்தாராம்.
'உலர்த்தி மட்டும் போதும், பரவாயில்லையா' என்று கேட்டாராம்.
நான் தலையை ஆட்டினேனாம்.
போட்டார். பொத்தானை அழுத்தினார்.
தட், தடக், தட், தடக் என்று
இருபத்தைந்து நிமிடம்.

'குன்னெல், இது உங்களுதா?'
அவர் கையில் என் கைபேசி
அப்போது வெந்த உருளைக்கிழங்கு மாதிரி
இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தாவுகிறது.
கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல்.
விரிசலுக்குப் பின்னால் ஸ்டூரேவிடமிருந்து ஏதோ ஒரு வரி,
முற்றுப்புள்ளி மட்டும் தெரிகிறது.
'சத்தம் கேட்கலையா உங்களுக்கு?'
கேட்கவில்லை.
'நீங்கதான் தாளத்துக்கு ஏதோ போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.'

'எப்படி வாசித்தேன்?' என்றேன்.
மேலங்கியை உதறி, பொத்தான்களைப் பார்த்தபடி யோசித்தார்.
'ஒரே இடத்தையே வாசிச்சீங்க.'

அவ்வளவுதான் சாட்சியம்.
சுண்டுவிரல் நேரத்துக்கு வந்ததா,
இழை அறுபடாமல் தாண்டினேனா, தெரியாது.
பார்த்துவைக்க அங்கே நான் இருக்கவில்லை.
தாளின் ஓரம் அந்த இருபத்தைந்து நிமிடமும் வெள்ளையாக இருக்கிறது.

துண்டுகள் எப்போதோ சுழன்று நின்றுவிட்டன.
எட்டு மணிக்குப் பதினொரு நிமிடம் பாக்கி.
தௌனோ கதவைச் சாத்திக்கொண்டு போனார்.
மீண்டும் முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
மூன்றாவதில் விரல்கள் காற்றில் எழுந்து நிற்க,
கண்ணாடி மாற்ற எவ்வளவு ஆகும்?

பென்சிலை எடுத்தேன்.
கைபேசி, என்று எழுதினேன்.