முப்பத்தெட்டு கிலோ

ஷீட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் போதும் எனக்கு.
குமிழ் தெரியும், மண் தெரியும்,
புகை கூடிப்போன ஓரம் தெரியும்.
நாலாம் தரம், ஐந்தாம் தரம், ஒட்டுப்பால்:
குலசேகரத்தில் கடை போட்டு
பதினாறு வருடமாக வாயில் வருவது இதுதான்.
தப்பியதே இல்லை என்று சொல்லமாட்டேன்.
தப்பினால் கிலோவுக்கு நாலு ரூபாய், அவ்வளவே.

சான்ட்ரோவின் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தானே என்றேன்.
டென்னிசன் சிரித்தான்.
"அது உம்ம மரத்துல வடியுத ரப்பர் இல்ல வோய்,
கம்பெனிக்காரன் காய்ச்சினது.
அறுந்தா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும்.
அறுகதுக்கு முன்ன ஒரு சத்தம், ஒரு முனகல்,
ஒண்ணும் கேக்காது."

மீட்டரில் அறுபத்தொன்பதாயிரத்து நானூறு.
எண்பதாயிரத்தில் மாற்று என்கிறது புத்தகம்,
அல்லது ஐந்து வருடம், எது முந்துகிறதோ அது.
எனக்கு வந்து மூன்று வருடம்.
அதற்கு முன் வண்டி சுருளோட்டில்
போஸ்ட் மாஸ்டர் ஏசுவடியானின் ஷெட்டில்
ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து
மற்ற நாளெல்லாம் கோழிகளுக்குக் கூரையாக நின்றது.
போன் போட்டேன். மகன் எடுத்தான்.
"அப்பா மாத்தினது உண்டும்னுதான் நெனக்கேன்.
எப்பம்னு கேட்டா..."
அப்பா போய் இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டதாம்.

திறந்து பார்த்தால் என்ன?
எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, புல்லி இழுத்து,
மூடி கழற்ற அரைநாள் கூலி.
"கழத்தினா மாத்திரணும்.
பாத்துட்டு பழசையே மாட்டுகதுக்கு
எனக்கு பைத்தியமா, உமக்கா?"
பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் ஏறக்குறைய ஒரே விலை.
இப்படி ஒரு சரக்கை நான் கையாண்டதில்லை.

பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப்: ஆறாயிரத்து ஐந்நூறு.
அன்றைய விலைக்கு முப்பத்தெட்டு கிலோ ஷீட்.
அறுந்தால் நாற்பதாயிரம். இருநூற்று முப்பத்தைந்து கிலோ.
இடவப்பாதி பிடித்து வெட்டு நின்றுபோயிருந்தது,
தராசுத் தட்டில் பூனை தூங்கியது.
சரி, எழுபத்தையாயிரத்தில் பார்க்கலாம்.
சரி, ஓணம் கழியட்டும்.
சரி, பால் விலை ஏறட்டும்.
ஒவ்வொரு சரிக்கும் வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது.

விஜிலாவுக்கு நைட் டியூட்டி மாறியது,
ஆசாரிப்பள்ளத்தில், பிரசவ வார்டு.
வெளியே மழை. "சாவியத் தாங்க" என்றாள்.
நீட்டிய கை பாதியில் நின்றது.

நான் ஓட்டுவது பகலில்.
தக்கலை நெரிசலில் அறுந்தால் நாலு பேர் தள்ளுவார்கள்,
டீ குடித்துக்கொண்டு டென்னிசனுக்குக் காத்திருப்பேன்.
அவள் ஓட்டப்போவது
வில்லுக்குறி தாண்டி, இருட்டில்,
பின்னால் ஜல்லி லாரி.
அதே பெல்ட்.
இதைக் கிலோவில் எந்தப் பத்தியில் எழுத?

"பெல்ட் இன்னும் மாத்தல."
"தெரியும். ஈஸ்டர் கழிஞ்ச ஒடனே டென்னிசன் சொன்னான்."
"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல?"
"நீங்க எப்பம் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."
குடையை விரித்து எட்டரை பஸ்ஸுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை மாற்றினோம்.
பழையதை என் கையில் போட்டான் டென்னிசன்.
வளைத்தேன், பின்பக்கமாக மடித்தேன்,
மோந்து பார்த்தேன்,
வெயில் இல்லாததால் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன்.
ஒரு கீறல் இல்லை. ஒரு பல் தேயவில்லை.
முதுகில் வெள்ளை எழுத்துகூட அழியவில்லை.
"இன்னும் ஓடியிருக்குமோ?"
"ஓடியிருக்கும். இல்லேன்னா நாளைக்கே அறுந்திருக்கும்."
கைதுடைக்கும் துணியைத் தேடிக்கொண்டே சொன்னான்.

மூடியின்மேல் பெயின்ட் பேனாவால் எழுதச் சொன்னேன்,
தேதியும், 71,260 என்றும்.
அடுத்து வாங்குகிறவன்
யாருக்கும் போன் போட வேண்டாம்.

பழைய பெல்ட் கடையில் தராசுக்கு மேல் ஆணியில் கிடக்கிறது.
ஷீட் கொண்டுவந்த பொன்மனைக்காரர் ஒருவர்
அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"இது என்ன தரம் வோய்?"
முப்பத்தெட்டு கிலோ என்றேன்.