தடுக்கு

பேர்ப் பொருத்தம் பாருங்கள்,
தடுக்கு ஸ்டேஷனில்தான் எனக்குத் தடுக்கியது.
பயிற்சி முடிய நாற்பது நாள் பாக்கி.
ஐப்பசி மழை. ஒருபக்க வைப்பர் மட்டும்
மனமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.
சிவப்பைப் பார்த்துப் பச்சை என்றேன்.
பார்க்காமல் சொன்னேன் என்பதே சரி.
தினமும் அங்கே பச்சைதான்,
வாய் தானாகச் சொல்லப் பழகியிருந்தது.
பைலட் பிரேக்கை அறைந்தார்.
கம்பத்துக்கு இருபது அடி முன்னால் நின்றோம்.

இருபத்தொரு நாள் பெஞ்சில்.
பெரம்பூரில் கண்ணைச் சோதித்தார்கள், நல்ல கண்.
கட்டம் கட்டமாகக் கேள்வித்தாள் தந்தார்கள்,
மூளையும் தேறியது.
தொண்டையை யாரும் கேட்கவில்லை.

புத்தூர் இந்தத் தடத்தில்தான் இருக்கிறது.
முறிந்த எலும்போடு எங்கெங்கிருந்தோ வந்து
மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு போகிறார்கள்.
முறிந்த சொல்லுக்கு
அங்கே கட்டு இல்லை.

அரக்கோணம், இரவு பதினொன்றேகால்.
ஐம்பத்தெட்டு காலி வேகன்.
பைலட் ஹைமாவதி, நகரிக்காரி,
என்னைவிட ஏழு வயது சின்னவள்.
தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாள்.
“கன்னியப்பன்காரு, நடந்தது கேட்டேன்.
ஃபிளாஸ்க்ல டீ இருக்கா?”
ஆறுதல் அவ்வளவுதான்.

திருத்தணி வரை சிக்னலை அவளே சொன்னாள்,
நான் பின்னால் முனகினேன்.
அப்புறம் நிறுத்திவிட்டாள்.
“இனிமே நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.”
பொன்பாடிக்கு முன்னால்
கண்ணெதிரே பச்சை. கொய்யாக்காய்ப் பச்சை.
என் வாயில் மணல்.
அவள் வேகத்தைக் குறைத்தாள். முப்பது. பதினைந்து.
பச்சை விளக்கின் கீழ்
ஒரு முழு சரக்கு வண்டி நின்றது.
கார்டு வாக்கிடாக்கியில் கத்தினார்.
“ஒக்க நிமிஷம்” என்று அதை அணைத்துவிட்டு
புத்தகத்தில் எழுதினாள்:
நான்கு நிமிடம் நஷ்டம். காரணம், பைலட்.
பைலட் என்றால் அவள்.
மை காய ஊதினாள்.

பொன்பாடியோடு நம் மாநிலம் முடிகிறது,
பலகைகளில் தெலுங்கு மேலே ஏறிக்கொள்கிறது.
அடுத்த ஸ்டேஷன் பெயரைப் பலகையே
மூச்சுவாங்கித்தான் தாங்கி நிற்கும்.
“ஒரே மூச்சுல படிங்க.”
வேங்கடநரசிம்மராஜு, அங்கேயே நின்றேன்.
“ராஜுவை நடுராத்திரியில எறக்கி விட்டீங்களே,
ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க.”
சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தபடி
வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை!
இருட்டுக்குள் போய் விழுந்தது பேட்டை.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
இன்னொரு சொல்லும் வெளியே வந்தது.
பச்சை.
“பச்சை” என்றாள், எதுவும் நடக்காதவள்போல.

ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறிகள் விழித்திருந்தன.
வேப்பகுண்டா பச்சை. பச்சை.
புத்தூர் இரட்டை மஞ்சள். இரட்டை மஞ்சள்.
பிறகு ஒற்றை மஞ்சள்.
மஞ்சளுக்கு அப்புறம் எதுவும் வரலாம்.

வளைவில் ஒரு வேப்பமரம்
சிக்னலை மறைத்துவிட்டுத்தான் காட்டும்.
மழை இல்லை.
இரண்டு வைப்பரும் சும்மா கிடந்தன.
பச்சை என்று வாய் முந்தியது,
பல்லுக்குள் பிடித்தேன்.
அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.
மரம் விலகியது.
பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.
“சிவப்பு.”
“சிவப்பு.”
நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்குவதுபோல
வண்டியை இறக்கி நிறுத்தினாள்.

தவளைச் சத்தம். ஆறிப்போன டீ,
மூடியில் அவளுக்கு, மிச்சம் எனக்கு.
“உங்க தமிழ்ல தடுக்குன்னா என்ன?”
“ஓலையில முடையறது.
பச்சைப் பிள்ளைய அதுமேல கிடத்துவாங்க.”
“அய்யோ, நான் இத்தனை நாளா
காலு தடுக்கி விழறதுன்னு நெனச்சேன்.”

எதிரே நிறம் மாறியது.
அவளும் பார்த்திருப்பாள்.
கைப்பிடிமேல் கை வைத்து
சும்மா உட்கார்ந்திருந்தாள்.